தலை வலிக்குது என்கிறாய், கழுத்தைப் பாரு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் தலைவலி என்று சொல்லிவிட்டு, நான் மேலே கேட்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். பின்னந்தலையில் ஆரம்பித்து வலது கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, தலையைத் திருப்பினால் கூடுகிறது, சீப்பு பட்டாலே நோகிறது என்றாயே, எனக்குக் கழுத்தின் மேல்தான் சந்தேகம். கண் டாக்டர், பல் டாக்டர் என்று சுற்றிக் கடைசியில் கழுத்து வைத்தியத்துக்கு வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், நெற்றியிலும் கண்ணிலும் இருந்து வருகிற நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அங்கே கலந்துவிடுவதால் கழுத்து மூட்டில் இருக்கும் கோளாறு நெற்றியில் வலிப்பது போலவே இருக்கும். பின்னந்தலைத் தோலுக்கு உணர்ச்சி தருவதும் இரண்டாவது கழுத்து நரம்பின் கிளைதான், சீப்பு பட்டால் நோவது அதனாலும் இருக்கலாம். ஆனால் மைக்ரேனிலும் கழுத்து பிடிக்கும், தலைத்தோல் நோகும். அதனால் நீயாக முடிவு கட்டாதே, நானும் கட்டவில்லை, டாக்டர் தொட்டுப் பார்க்கட்டும். எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று எழுதியிருந்தால் பயப்படாதே, வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்கும்.

மாத்திரையைத்தான் குறைக்கச் சொல்வேன். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

அப்புறம், சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துப் படக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அது வேண்டவே வேண்டாம். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், அந்த அபூர்வம் என் பிள்ளைக்கு வேண்டாம்.

தலை ஏறக்குறைய 5 கிலோ, அதை நாள் முழுக்க லேப்டாப்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கழுத்து என்ன செய்யும்? திரையைக் கண் உயரத்துக்குத் தூக்கி வை, தனிக் கீபோர்டு வாங்கு. தாடையை உள்ளிழுத்துச் செய்கிற பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள், வீடியோ பார்த்துச் செய்யாதே, பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

திடீரென்று இதுவரை வராத அளவு வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ யோசிக்காமல் அப்போதே எமர்ஜென்சிக்குப் போ.

சரி, இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு மெசேஜ் போடு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் தைலத்தோடு பஸ் ஏறிவிடுவார்.

அம்மா