தலைக்கு ஒரு ஓமர்

அன்புள்ள சித்திக்கு,

சித்தப்பா நம்மைவிட்டுப் போய் வருகிற புதன்கிழமையோடு ஒரு வருஷம். நினைவு ஜெபத்தில் செய்தி கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இதைச் சபையாரும் படிப்பார்கள், அதனால் ஆஸ்பத்திரியில் நடந்ததையும் பெரியப்பா வீட்டுப் பேச்சையும் இங்கே தொடவில்லை.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது நீங்கள் அரிசி அளந்த அந்தக் காலைதான். அடக்கம் முடிந்து நாலாம் நாள். டின்னுக்குள் உழக்கை விட்டு இரண்டு தடவை எடுத்துப் பாத்திரத்தில் போட்டீர்கள். கை அப்படியே நின்றது. பிறகு ஒரு உழக்கை மறுபடி டின்னிலேயே கொட்டினீர்கள். விளிம்பில் ஒட்டியிருந்த நாலு அரிசியை விரலால் தட்டிவிட்டு, "இதுக்குமா ஸ்தோத்திரம்?" என்றீர்கள். நான் 1 தெசலோனிக்கேயர் 5:18-ஐச் சொன்னேன், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று. உங்கள் வாயை அடைக்கச் சொன்னது போல ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

வசனத்தில் தப்பில்லை, நான் அதை எடுத்த நேரம்தான் தப்பு. பவுல் அங்கே "எல்லாவற்றிலேயும்" என்கிறார். எபேசியர் 5:20-ல் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்பீர்கள், நீங்கள் வேதம் கரைத்துக் குடித்தவர். அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 15:26-ல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துரு வீட்டுக்குள் வந்ததற்கு நன்றி சொல்லுங்கள் என்று அவர் எந்தச் சபைக்கும் எழுதவில்லை. இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் சித்தி, எனக்கும் மனத்தாங்கல் உண்டு. அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு கோயில் வாசலில் கேட்டீர்கள், சங்கக் கூட்டத்தில் கேட்டீர்கள், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டீர்கள். நம் போதகர் ஐயரைப் பற்றி, சபையைப் பற்றி, என்னைப் பற்றி. பதில் சொல்ல வேண்டியவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

எண்ணாகமம் 11-ஐ எடுத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து, தங்கள் தங்கள் கூடாரவாசலில் நின்று அழுகிறார்கள். அதே அதிகாரத்தில் அவர்களை நடத்திவந்த மோசேயும் புலம்புகிறான், அதுவும் "என்னைக் கொன்றுபோடும்" என்கிற அளவுக்கு. ஆனால் அவன் கர்த்தரிடம் போய்ப் புலம்புகிறான். அவனுக்குத் தண்டனை வரவில்லை, பாரத்தைச் சுமக்க 70 மூப்பர் கிடைத்தார்கள். ஜனங்களுக்கோ கேட்ட இறைச்சியே வாதையாய் முடிந்தது. முறுமுறுப்பு எது, ஜெபம் எது என்று பிரிக்க எனக்கு இதைவிடத் தெளிவான இடம் தெரியாது.

சங்கீதம் 13-ல் ஆறே வசனம். கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நாலு தடவை வரும். நாலு இடத்திலும் உங்கள் காரியத்தைப் பேர் சொல்லி வையுங்கள், ஐயர் பேரும் என் பேரும் வந்தால் வரட்டும். மூன்றும் நாலும் வேண்டுதல், அதில் இன்றைக்கு வேண்டிய ஒன்றை மட்டும் கேளுங்கள். ஐந்தாவதில்தான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" வருகிறது. நான் உங்களை நேராக ஐந்துக்குத் தள்ளினேன். நீங்கள் இரண்டிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். ஐந்துக்குப் போக முடியாத நாளில் 88-ஐ வாசியுங்கள். ஒரு ஸ்தோத்திரமும் இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

ராத்திரி ஒரு நோட்டில் தேதி போட்டு மூன்று வரி. "சுகம், பெலன், ஜீவன்" என்று மொத்தமாக எழுதினால் ஒரே வாரத்தில் கை மட்டும் எழுதும், மனசு வராது. சிலிண்டரைத் தூக்கி வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டுப் பையனை எழுதுங்கள். "அவளைவிட நமக்குப் பரவாயில்லை" என்று மட்டும் எழுதவேண்டாம். லூக்கா 18-ல் பரிசேயன் சொன்ன ஸ்தோத்திரம் அந்த ரகம்தான், அது அவனை நீதிமானாக்கவில்லை.

மூன்று வரி போதுமா என்பீர்கள். வனாந்தரத்தில் கர்த்தர் கொடுத்த மன்னா என்கிற அப்பம் நாளுக்குத் தலைக்கு ஒரு ஓமர்தான் (யாத்திராகமம் 16), எப்பா என்கிற அளவில் பத்தில் ஒன்று, நம் கணக்குக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர். விடியும்வரை மீத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. அடுத்த பத்து வருஷத்தை எப்படித் தனியாக ஓட்டுவது என்று நீங்கள் மீத்து வைக்கிற பயமும் அப்படித்தான் நாறுகிறது. ஆனால் அதே மன்னாவில் ஒரு ஓமரை மோசேயின் அண்ணன் ஆரோன் கலசத்தில் எடுத்து வைத்தான், வரப்போகிற தலைமுறைகள் பார்க்கவேண்டும் என்பதற்காக. நோட்டின் கடைசிப் பக்கங்களைச் சித்தப்பாவுக்கு விட்டுவிடுங்கள். நானும் அதில் எழுதவேண்டும், அவரிடம் நான் பட்ட கடன் உங்களுக்கே முழுக்கத் தெரியாது.

புதன்கிழமை விடியற்காலையில் வருகிறேன். வசனம் எதுவும் சொல்லமாட்டேன். உழக்கு இரண்டு போடுங்கள்.