கடைசிப் பாலை மடியில் விடாதீங்க

குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். இந்த மழைக்குப் பாலில் கொழுப்பு இறங்கி ரேட் குறையுதுன்னு கோத்தகிரி பக்கமிருந்து நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். மழை விட்டதும் துளிர்க்கிற கிக்குயூ புல்லில் நார்ச்சத்து குறைவு, அதை மட்டுமே மாடு வயிறு முட்ட மேய்ந்தால் பால் கூடும், கொழுப்பு இறங்கும். கீழே சமவெளியிலிருந்து வரும் வைக்கோல் விலை அதிகம்தான், ஆனாலும் நார்ச்சத்துக்காக காலையில் மேய விடும் முன் இரண்டு கைப்பிடியாவது போடுங்கள்.

அப்புறம், கறக்கும்போது முதலில் வரும் பால் தண்ணியாக இருக்கும், கொழுப்பெல்லாம் கடைசிப் பாலில்தான், அதனால் அவசரத்தில் மடியில் மிச்சம் வைக்காமல் ஒட்டக் கறங்கள். சொசைட்டியில் (கூட்டுறவு சங்கத்தில்) கொழுப்பு பார்க்க சாம்பிள் எடுக்கும் முன் கேனை நன்றாகக் கலக்கச் சொல்லிக் கேளுங்கள், அது நம் உரிமை. நோய்க்கு மருந்து ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொல்லும் நாள்வரை தயவுசெய்து கேனில் சேர்க்க வேண்டாம், குழந்தைகள் குடிக்கிற பால்.

இன்னொன்று. மொத்தப் பாலையும் கூட்டுறவு சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்கு, 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவிலிருந்து விலக்கு உண்டு. டீக்கடைக்கோ ஹோம்ஸ்டேவுக்கோ கொஞ்சம் கொடுத்தாலும் அந்த விலக்கு பொருந்தாது, அப்படிக் கொடுப்பவர்கள் பதிவு செய்துவிடுங்கள். சங்கத்துக்கு ஊற்றும் பாலுக்கு 2023 டிசம்பர் 18 முதல் அரசு அறிவித்த லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வராதவர்கள், பாஸ்புக்கும் பால் அட்டையும் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், சேர்ந்தே போய்க் கேட்போம்.