கரைக்கு வராதவர்களையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் பாசி எடுக்கும் பெண்களுக்கு முதுமை தள்ளிப்போகிறது என்று போன வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். அதற்காக மாணவர்கள் எங்கள் ஊரில் கணக்கெடுத்த அன்று நானும் கரையில் இருந்தேன். பாம்பனில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? அவர்களுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தேன்.

பெண்கள் கடலை விட்டு ஏறியதும், விரலில் சுற்றிய துணியைப் பிரித்துவிட்டு, ஒவ்வொருவராகப் பிடிவலு பார்க்கும் கருவியை அமுக்கினார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் நாற்பது வயதுக்காரிக்குச் சமமாக அமுக்கினார்கள், உண்மைதான். ஆனால் முட்டி தேய்ந்தவர், கண் மங்கியவர், மகனோடு திருப்பூர் போனவர், இறந்துபோனவர் யாரும் அன்று கரையில் இல்லையே! கடலில் இறங்க முடிந்தவர்களை மட்டும் அளந்துவிட்டு, கடல்தான் அவர்களைத் திடமாக வைத்திருக்கிறது என்றால் எப்படி? (20 பேரின் வலக்கை, இடக்கையைத் தனித்தனி ஆளாக எண்ணி 40 ஆக்கியது வேறு கதை.)

வயதும் அப்படித்தான். கேட்டால் 60, 65, 70 என்பார்கள். 63 என்று ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் அட்டையில் பிறந்த வருஷம் 1955. தனுஷ்கோடி அழிந்த 1964 டிசம்பர் புயலில் அவர் கைக்குழந்தை! புயலுக்கு முன்னா, பின்னா, அப்போது நடந்தீர்களா, பள்ளிக்கூடம் போனீர்களா என்று கேட்டிருந்தாலே பாதி சரியாகியிருக்கும்.

ஒரே நாளில் நாற்பதையும் எழுபதையும் அளந்தால், இரண்டு தலைமுறைக்கு நடுவில் உள்ள வித்தியாசமும் சேர்ந்தே வரும். ஒருத்திக்கு எப்படி வயதாகிறது என்று பார்க்க அவளையே திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். 2017-18ல் 45 வயதும் அதற்கு மேலும் உள்ள சுமார் 72,000 பேரோடு மத்திய அரசு தொடங்கிய முதுமை ஆய்வு அதற்காகத்தான். இடையில் ஊர் மாறியவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாமல், கடைசியாகப் பார்த்த நாள்வரை கணக்கில் வைக்கவும் வழி உண்டு. கப்லான், மெயர் என்ற புள்ளியியல் அறிஞர்கள் அதை 1958லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் போனதற்கும் உடல்நிலைக்கும் சம்பந்தம் இல்லாவிட்டால்தான் அது செல்லும். எங்கள் ஊரில் பலர் முட்டி போன பிறகுதானே மகன் வீட்டுக்குப் போகிறார்கள்? அதனால் ஏன் போனார் என்பதையும் எழுதியாக வேண்டும்.

பத்து வருஷத்துக்கு முந்தைய பாசிக் குழுப் பெயர்ப்பட்டியல் என்னிடம் இருக்கிறது. அந்த மாணவர்கள் மறுபடி வந்தால் வீடு வீடாக நானே கூட்டிப்போகிறேன். வெயில் ஏறுமுன் வரச் சொல்லுங்கள், என் முட்டியும் அவ்வளவு சரியில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
பாம்பன்.