புலிட்சர் பரிசுக் குழுவுக்கு: ஒரு பத்து சென்ட் பாக்கி

குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் பரிசுப் பட்டியல் வெளிவரும்போதெல்லாம், அந்தப் பரிசுக்குப் பணம் வைத்துவிட்டுப் போன பத்திரிகை முதலாளி ஜோசப் புலிட்சரின் கதையும் கூடவே வரும். 1847இல் ஹங்கேரியில் பிறந்தார், பதினேழு வயதில் உள்நாட்டுப் போரில் சண்டை போட அமெரிக்கா வந்தார், செயின்ட் லூயிஸில் கோவேறு கழுதைகளைப் பராமரித்தார். 1883இல் நியூயார்க்கின் 'வேர்ல்ட்' பத்திரிகையை 3,46,000 டாலருக்கு வாங்கினார். சரி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குப் பிடித்தது 1885. சுதந்திர தேவி சிலை தயார், நிறுத்திவைக்கப் பீடம் கட்டத்தான் பணமில்லை. ஒரு சென்ட் கொடுத்தாலும் பெயரைப் பத்திரிகையில் போடுவேன் என்றார் புலிட்சர். ஐந்தே மாதத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அயோவாவில் ஒரு மழலையர் வகுப்பு 1.35 டாலர் அனுப்பியது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்கள். சில்லறைக் காசின் மதிப்பு அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதனால்தான் 1899 எனக்கு உறுத்துகிறது. தெருவில் கூவி விற்கும் பையன்கள் நூறு பேப்பரை 50 சென்ட்டுக்கு எடுத்து, ஒன்று ஒரு சென்ட் என்று விற்பார்கள். நூறும் விற்றால் கையில் 50 சென்ட் நிற்கும். மிஞ்சினால் நஷ்டம் பையன் தலையில். 1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் வந்தது, பேப்பர் பறந்தது. முதலாளிகள் நூறு பேப்பரின் விலையை 60 சென்ட் ஆக்கினார்கள். போர் முடிந்ததும் மற்ற பத்திரிகைகள் விலையைக் குறைத்தன. புலிட்சரின் 'வேர்ல்ட்'டும் போட்டி முதலாளி ஹெர்ஸ்ட்டின் 'ஜர்னல்'லும் குறைக்கவில்லை. ஜென்மப் பகையாளிகள், இந்தப் பத்து சென்ட்டில் மட்டும் ஒற்றுமை!

ஜூலையில் பையன்கள் இரண்டு பத்திரிகைகளையும் தொடமாட்டோம் என்றார்கள். இர்விங் ஹால் என்ற அரங்கில் கூட்டம் போட்டார்கள். உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கில் வெளியே நின்றார்கள். இரண்டு வாரத்தில் விற்பனை படுத்தது. கடைசியில் விலை 60தான், ஆனால் விற்காத பேப்பரை வாங்கின விலைக்கே திருப்பி எடுத்துக்கொள்வதாக முதலாளிகள் இறங்கி வந்தார்கள்.

அப்போது புலிட்சருக்குக் கண் ஏறக்குறையத் தெரியாது. பேப்பரை உதவியாளர்கள் படித்துக் காட்டவேண்டும். சின்னச் சத்தமும் ஆகாது. வீட்டிலேயே சத்தம் புகாத அறை கட்டிக்கொண்டவர். அவர் பேப்பரோ தெருச் சத்தத்தில்தான் விற்றது.

நானும் பள்ளிக்கூட நாட்களில் சைக்கிளில் பேப்பர் போட்டவன். மழையில் நனைந்த பேப்பருக்குக் காசை ஏஜென்ட் என் சம்பளத்தில்தான் பிடிப்பார். அதனால் 'வாங்கின விலைக்கே திருப்பி' என்ற வரியைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

புலிட்சரைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. மனநோய் விடுதிக்குள் நெல்லி பிளை என்ற பெண் நிருபரை அனுப்பி உண்மையைக் கொண்டுவந்த பத்திரிகை அவருடைய 'வேர்ல்ட்'. பத்திரிகைப் படிப்புக்கென்று கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பணம் வைத்துவிட்டுப் போனவரும் அவர்தான். என் கோரிக்கை சின்னது. உங்கள் பொதுச்சேவைப் பதக்கத்தில் ஒரு பக்கம் பெஞ்சமின் பிராங்க்ளின், மறுபக்கம் அச்சு இயந்திரத்தோடு ஒரு தொழிலாளி. பதக்கத்தை மாற்ற வேண்டாம். இனி அவர் வாழ்க்கையை எங்கே சொன்னாலும், பீடத்துக்குக் காசு கொடுத்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பேப்பர் விற்ற பிள்ளைகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பேப்பர் பையன்