1999 பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே

சுவிட்சர்லாந்தில் இயங்கும் பன்னாட்டுச் சைக்கிள் ஓட்டச் சம்மேளனத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் 1999 பட்டியலில் முதலிடம் காலியாக இருப்பதன் காரணம் ஊரறிந்தது: வென்ற லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பட்டம் ஊக்கமருந்துக்காகப் பின்னர் பறிக்கப்பட்டது. அதே பந்தயத்தின் பன்னிரண்டாம் கட்டத்தில் (ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம்) 'புறப்படவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு ஓட்டம் முடிந்துபோன பிரெஞ்சு வீரர் கிறிஸ்தோப் பாசோனைப் பற்றியே இம்மடல்.

1998 ஜூலையில் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட், கார் நிறைய ஊக்கமருந்துகளோடு பிரான்ஸ்-பெல்ஜிய எல்லையில் பிடிபட்டார். அதைத் தொடர்ந்த விசாரணையில், பாசோன் ஊக்கமருந்து எதையும் ஏற்றிக்கொள்ளாதவர் என்று சொன்னவர்கள் அதே அணியில் அவரோடு ஓடியவர்கள்தாம். மறு ஆண்டு வேறோர் அணிக்காக டூர் ஓடியபடியே அவர் 'லு பரிசியன்' நாளிதழில் பத்தி எழுதினார்; செஸ்ட்ரியேர் மலையில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் காட்டிய வேகம் சக வீரர்களைத் திகைக்க வைத்ததை மறைக்காமல் எழுதினார்.

ஜூலை 14, ஆல்ப் டுவேஸ் நோக்கிய கட்டம். தொடக்கத்தில் மெதுவாகவே ஓட்டுவதென வீரர் கூட்டம் பேசி வைத்திருந்தது. பாசோனிடம் மட்டும் எவரும் சொல்லவில்லை. அணியின் மெக்கானிக் வழியாக விஷயம் தெரிந்ததும் அவர் தனியே முன்னேறிப் பாய்ந்தார். மொத்தக் கூட்டமும் துரத்திப் பிடித்தது. ஆர்ம்ஸ்ட்ராங் அருகே வந்து தோளில் கைவைத்து, நீ பேசுவது சைக்கிள் ஓட்டத்துக்குக் கேடு, இந்தத் தொழிலை விட்டே போய்விடு என்ற பொருள்படச் சொன்னதாகப் பாசோன் பின்னாளில் விவரித்திருக்கிறார். மறுநாள் கட்டத்தையும் ஓடி முடித்தவர், அதற்கடுத்த நாள் காலையிலேயே பந்தயத்தை விட்டு வீடு திரும்பினார். 2001இல் தொழில்முறை ஓட்டத்தையும் விட்டு, பின்னர் பிரான்சில் ஊக்கமருந்துத் தடுப்புப் பணியில் சேர்ந்தார். (அந்தப் பணியில் இருந்தவரையே, 2012இல் ஒரு மலைச் சைக்கிள் பந்தயத்திலிருந்து பாதியில் விலகி வீடு திரும்பியதால் சோதனையைத் தவறவிட்டார் என்று ஓராண்டு தடை செய்து, பிறகு அதை ஒரு மாதமாகக் குறைத்தார்கள்.)

பாசோனைத் தனிமைப்படுத்திய அதே டூரில்தான் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சிறுநீர் மாதிரியில் கார்டிகோஸ்டீராய்டு என்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்து தென்பட்டது. சோதனைக்கு முந்தைய தேதியைப் பின்னர் போட்டுத் தந்த மருந்துச் சீட்டொன்று ஏற்கப்பட்டு விவகாரம் முடிந்தது. அது விதிமீறல் என்பதை நீங்களே அமைத்த சுயேச்சை ஆணையம் 2015இல் எழுத்தில் தந்துவிட்டது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்கள் 2012இல் பறிக்கப்பட்டதோடு உங்கள் கடமை பாதிதான் முடிந்தது என்று கருதுகிறேன். பொய்யை அழித்தீர்கள், உண்மை பேசியதற்காக 25 வயதில் ஓரங்கட்டப்பட்டவர் இன்னும் வெறும் விலகியவராகவே நிற்கிறார்.

நான் கேட்பது பணமோ பதக்கமோ அன்று. அந்த 1999 பட்டியலில் பாசோனின் பெயருக்கு எதிரே, அவர் எதனால் விலகினார் என்பதை ஒரு குறிப்பாகச் சேருங்கள். அன்றைய பந்தய நடுவர்கள் அவரைக் காக்கத் தவறியதையும் அதில் எழுதுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பந்தயத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு தமிழ் ரசிகன்