ஹெட்செட்டை மாட்டிப் பார்த்து வாங்க விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செந்தூலில் இருபது ஆண்டுகளாக மிருதங்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மூன்றாம் படிவத்தில் படிக்கும் என் மகன் கணினி விளையாட்டுக்கென்று கேட்டதால், போன மாதம் புக்கிட் பிந்தாங்கில் ஒரு கடையில் காதை முழுக்க மூடும் வயர் ஹெட்செட்டை 189 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ஒரு நிமிடம் மாட்டிப் பார்க்கட்டும் என்று கேட்டேன். பெட்டியைப் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்றார் கடைக்காரர். தட்டிப் பார்க்காமல் யாராவது மிருதங்கம் வாங்குவார்களா? ஆனால் அன்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கிவிட்டேன்.

பையன் கண்ணாடி போடுகிறவன். அரை மணி நேரத்தில் கழற்றியபோது, கண்ணாடிச் சட்டம் அழுந்திய இடத்தில் நெற்றிப்பொட்டிலிருந்து காது வரை சிவப்பாக ஒரு கோடு. காதைச் சுற்றியுள்ள மெத்தைக்குச் செயற்கைத் தோல் உறை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் உட்புறம் நனைந்தே போயிருந்தது. சமையலறைத் தராசில் 280 கிராம்தான் காட்டியது. குற்றம் எடையில் இல்லை, பிடியின் இறுக்கத்தில்.

பெட்டியில் '7.1 சரவுண்ட்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. சுற்றிலும் ஏழு ஒலிபெருக்கிகளும் தாழ்ந்த ஒலிக்கென ஒன்றும் வைத்தது போல் கேட்கும் என்று அர்த்தம். 3.5 மில்லிமீட்டர் செருகில் வருவது இடம், வலம் என இரண்டே தடங்கள். மற்றதெல்லாம் கணினியில் உள்ள மென்பொருள் செய்து காட்டுவது. இருந்தாலும் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெளிவாகவே தெரிகிறது, மைக்கும் நன்றாக இருக்கிறது. என் மனத்தை உறுத்தியது வேறு. என் மாணவன் வாசித்த பதிவு ஒன்றை அதில் கேட்டேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்மென்ற நாதம் ஊதிப் பெருத்து, வலப்பக்கமான வலந்தலையில் விழும் சொற்களை விழுங்கிவிட்டது. விளையாட்டிலும் வெடிச் சத்தம் இப்படித்தான் மற்றதை மூடுகிறது. மெல்லிய ஒலி கேட்க வேண்டுமே என்று பையன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான். 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காதை நம்பிப் பிழைப்பவன் நான். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஹெட்செட்டை இரண்டு இரவுகள் தடித்த அகராதிகளுக்கு மேல் விரித்து மாட்டி வைத்ததில் பிடி தளர்ந்தது. 25 ரிங்கிட் கொடுத்துத் துணி உறை போட்ட மெத்தை வாங்கி மாற்றினேன். வியர்வை குறைந்தது, தொப்பியின் வீக்கமும் சற்றே வடிந்தது.

கடைக்காரர்களே, ஒவ்வொரு மாடலிலும் ஒன்றையாவது பிரித்து வையுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியும் போடுங்கள். கண்ணாடி போட்ட பிள்ளை கண்ணாடியோடு பதினைந்து நிமிடம் மாட்டிக்கொண்டு உட்காரட்டும்.

இப்படிக்கு,
மிருதங்க ஆசிரியர்,
செந்தூல், கோலாலம்பூர்.