குன்றின் மேல் எடுத்த படம்

பாடாங் செராய்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமாக இருப்பதை, உன் அம்மா கைப்பேசியைச் சத்தமாக வைத்து உன்னிடம் பேசும்போது, வீட்டு முன்புற அஞ்சடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். “அப்பா இருக்கிறாரா?” என்று நீ கேட்பதும், “இருக்கிறார்” என்று அவள் சொல்வதும், உடனே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுவதும் எட்டு மாதமாக நடந்துவருகிறது. இதை நான் குறையாக எழுதவில்லை. எழுத வந்தது நீ ஏறிய குன்றைப் பற்றி.

தாய்லாந்தின் பீ பீ தீவில் எடுத்து நீ ஸ்டேட்டஸில் போட்ட படம் ஒரே நாளில் மறைந்துவிடும் என்று உன் அக்காள் மகள் சொன்னாள். அவளையே அதைப் பிடித்து வைக்கச் சொல்லி, பட்டணத்துக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து வாங்கிவந்தேன். தோட்ட ஆபீசில் ஆள்கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் பொடி எழுத்துகளைப் பார்ப்பதற்கு வைத்திருந்த பூதக்கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மூன்று நாளாகப் பார்க்கிறேன். உனக்குப் பின்னால் அந்தத் தீவு உடுக்கையின் இடுப்பைப்போல ஒடுங்கிக் கிடக்கிறது. இடப்பக்கம் படகுகள் வந்து சேரும் தோன் சாய் குடா, வலப்பக்கம் லோ டாலும் குடா, இரண்டுக்கும் நடுவில் தென்னையும் கூரைகளுமாக ஒரு மணல் திட்டு, தொலைவில் செங்குத்துப் பாறையாக நிற்கும் பீ பீ லே. நன்றாகத்தான் இருக்கிறது. கோயிலில், தோட்டத்தில் வேலை மேற்பார்த்த பழைய தண்டல் கேட்டபோது, “என் மகன் போய் ஏறிய இடம்” என்று படத்தை உறையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் திருப்பித் தருவதற்கு நேரமாயிற்று.

அந்தக் குன்று 186 மீட்டர்தான் என்று பேத்தி பார்த்துச் சொன்னாள். வானம் தெளிந்த காலைகளில் நம் ஊரிலிருந்து தெரியும் ஜெராய் மலை 1,217 மீட்டர். ஜெராய் அடிவாரத்துப் பிள்ளைக்கு அது ஒரு மலையா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் நீ உன் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்: ஊருக்குப் பின்னாலிருந்து சிமெண்டுப் படிகள் செங்குத்தாக மேலே போகின்றன, முதல் பார்வையிடத்தை அடைவதற்குள் சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிடுகிறது, அதற்கும் மேலே போனால்தான் அந்தப் பெரிய பாறைகள். சூரியன் மறையும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாய். சூரியன் மறைவதைப் பார்த்தவன் இருட்டில்தானே இறங்கியிருப்பாய்? படத்தில் உன் காலில் இருப்பது சிலிப்பர். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய, குதிகால் தேய்ந்த அதே சிலிப்பர். மலை ஏறுகிறவன் சிலிப்பர் போட்டு ஏறக் கூடாது, தம்பி.

ஏறுவதற்கு மூச்சு இருந்தால் போதும், இறங்குவதற்குத்தான் கால் வேண்டும் என்பாள் உன் அம்மா. அவள் ரப்பர்த் தோட்டத்து மேட்டு நிரையில் பதினெட்டு வருடம் பால் வெட்டியவள். இரண்டு வாளியிலும் பால் தளும்ப, மழை பெய்து ஊறிய சருகின்மேல் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கியவள். நான் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவள் கொண்டுவந்த பாலுக்குக் கணக்கு எழுதியவன். ஆகவே இதை அவள் சொன்னதாகவே எடுத்துக்கொள்: இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக இறங்கவேண்டும். கைவிளக்கு ஒன்று எப்போதும் பையில் இருக்கவேண்டும்; கைப்பேசி வெளிச்சத்தை நம்பக் கூடாது. சிலிப்பர் போடக் கூடாது.

தாய்லாந்தின் பழைய பெயரான சயாம் என்பதை உன் பாட்டி ஏன் கடைசி வரைக்கும் இந்த வீட்டில் சொல்லவிடவில்லை என்பது உனக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் மரண ரயில் பாதை போடப் போன தன் அப்பாவை அவர் எண்பது வயதிலும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் காலத்து ஆள் இல்லை. தாய்லாந்துக்குப் போகாதே என்று சொல்லமாட்டேன். ஹட்யாய்க்கு நாமே எத்தனை முறை போயிருக்கிறோம். எனக்குப் பயம் கடலைப் பற்றித்தான். 2004 டிசம்பர் 26ஆம் தேதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போகவேண்டும் என்று நீ அழுது புரண்டாய். அக்காவுக்கு அம்மை போட்டிருந்ததால் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் அதற்குப் பக்கத்திலேயே கோத்தா கோலா மூடாவில் கடல் ஏறிவந்து, மீனவர்களின் படகுகளையெல்லாம் தூக்கி ஊருக்குள் போட்டது. அதே நாள் காலையில் நீ படத்தில் காட்டியிருக்கும் அந்த மணல் திட்டை இரண்டு குடாக்களிலிருந்தும் தண்ணீர் வந்து மூடியது. மேட்டுக்கு ஓடி ஏறியவர்கள் தப்பினார்கள். இப்போது ஆழிப்பேரலை வந்தால் அந்தக் குன்றின் பக்கமாக ஓடச் சொல்லி வழியில் பலகை வைத்திருக்கிறார்களாம். நீயும் பார்த்திருப்பாய். மறுபடியும் போவதாக இருந்தால், அறை எடுக்கும்போது குன்றுக்குப் போகும் படி எந்தப் பக்கம் என்று பகலிலேயே நடந்து பார்த்துவிட்டுப் பிறகு படுக்கவேண்டும். இது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

இரண்டு பேர் என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

தம்பி, படத்தில் உன் கைகள் இரண்டும் பாறைமேல் ஊன்றியிருக்கின்றன. ஆகவே படம் எடுத்தது நீ இல்லை. உன் பக்கத்தில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் இருக்கின்றன. ஒன்று அம்மா வாங்கிக் கொடுத்த, அடி நசுங்கிய நீலப் புட்டி. மற்றொன்று ஊதா நிறம். கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றியிருக்கிறது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. அந்த ஏற்றத்துக்கும் வெயிலுக்கும் ஒரு புட்டி போதாது, இரண்டு எடுத்துப்போனது சரிதான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய சட்டியையே மறுபடியும் கழுவினாள்.

வேறு செய்தி என்றால், வாசல் ரம்புத்தான் இந்த வருடம் காய்க்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

அந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடமும் சொன்னதில்லை, ஆனால் நெற்றியில் ஈரத்துணி போட்டவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கார்ச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு அந்தப் பிள்ளை அறை வாசலில் வந்து நின்று, “மாமா, இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டது. நான் குறட்டை விட்டேன். ஒரு நிமிடமாவது அது அங்கேயே நின்றிருக்கும். போர்வைக்குள் வியர்த்து ஒழுக, நான் விடாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம், எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு என்று உன்னிடம் கேட்டேன். நான் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்டேன் என்பது உனக்குப் புரிந்தது; உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். உன் அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோது உன் தாத்தா இதே கேள்வியை இதே வரிசையில் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அவர் பெரிய மனது பண்ணி ஆள் அனுப்பினார். இத்தனையும் பட்டவன்தான் உன்னிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

அந்தப் பிள்ளை அன்று கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை உன் அம்மா நான்கு நாள் மேசைமேல் வைத்திருந்தாள். ஐந்தாவது நாள் இரவு, அவள் தூங்கிய பிறகு, நான் ஒன்றை உரித்துத் தின்றேன். இனிப்பாக இருந்தது.

தீபாவளி விடுமுறைக்கு நீ வந்தால் ஜெராய்க்குப் போகலாம் என்று நினைக்கிறேன். உன்னை அங்கே கூட்டிப்போவதாக நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது சொன்னவன், இந்த வாரம் இந்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். உன் அம்மா நடந்து ஏறமாட்டாள். மேலே போகத் தார்ச் சாலை இருக்கிறது, நம் காரிலேயே போகலாம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் இருக்கும் அம்மாவின் பைகளை நான் எடுத்துவிடுகிறேன்.

வேளாவேளைக்குப் பசியாறு. நல்ல சப்பாத்து ஒன்று வாங்கிக்கொள். பணம் இல்லையென்றால் சொல், அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு: அந்த ஊதாப் புட்டியின் மூடி சரியாகத் திருகப்படவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால், அதன் அடியில் பாறை நனைந்திருப்பது தெரிகிறது. சொல்லிவிடு.